அபி நோட்டில் நான் போட்ட சிவப்புக் குறி

நவ. 3, திங்கள்
காலையிலிருந்து தூறல். போன வருட டைரி. யாரோ கொடுத்தது, சும்மா கிடந்தது. கிழமையை மட்டும் அடித்து எழுதினால் போதும். மனைவி பெயரை முழுதாக எழுதினால் எட்டிப் பார்ப்பாள். இனி மா.

மகள் அபியின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். இரண்டாம் வகுப்பு. 52 − 38. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதவில்லை, கடன் வாங்கவில்லை. நீளமாக ஒரு கோடு. அதன்மேல் தவளை தாவுகிற மாதிரி மூன்று வளைவு. 38இலிருந்து 40க்கு 2. 50க்கு 10. 52க்கு 2. மொத்தம் 14.

விடை சரி. ஆனால் இதெல்லாம் ஒரு கணக்கா? சிவப்புப் பேனாவை எடுத்துப் பக்கம் நிறையப் பெருக்கல் குறி போட்டேன். கீழே, "முறை தவறு. கடன் வாங்கிக் கழிக்கவும்." கையெழுத்து வேறு, தாசில்தார் மாதிரி.

பாடத்திட்டம் மாறியதிலிருந்தே இப்படித்தான். வாய்ப்பாடு ஒப்பிப்பது இல்லை. புளியங்கொட்டை, குச்சி, கோடு. பத்தாவதில் எனக்குக் கணக்கில் 36. அதுவும் முதல் தடவையிலேயே. அந்தத் தகுதி போதும்.

மா.: "விடை சரின்னா எதுக்குங்க தப்பு போட்டீங்க?"
"வழி தப்பு."
"நாகூருக்கு பஸ் ஏறித் தூங்கி நாகப்பட்டினத்துல எறங்குன ஆளு நீங்க. வழியப் பத்திப் பேசுறீங்க."

நவ. 4, செவ்வாய்
மழை வலுத்தது. சாயங்காலம் அபிக்கு என் முறையில் பாடம். பத்துக் கணக்கு, பத்தும் சரி. ஒரு வார்த்தை பேசாமல் போட்டாள். எனக்கே என்னைப் பிடித்துப்போய்விட்டது.

வாங்க வேண்டியவை: கொசுவத்தி. அபிக்கு ரப்பர். சிவப்பு ரீஃபில்.

நவ. 5, புதன்
மழை. அபியைக் கூட்டிவரப் போன மா.விடம் டீச்சர் கேட்டாராம், "வீட்ல எதுவும் பிரச்சனையாங்க? அபி ரெண்டு நாளா வாயே தெறக்க மாட்டேங்குறா."

தினமும் கணக்கு வேளையில் பிள்ளைகள் எழுந்து தாங்கள் எப்படி யோசித்தோம் என்று சொல்ல வேண்டுமாம். முதலில் கை தூக்குவது அபிதானாம். இப்போது கூப்பிட்டால் நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொள்கிறாளாம். "அப்பா தப்புன்னு போட்டுட்டாங்க" என்று மட்டும் சொன்னாளாம்.

அடக்கமான பிள்ளை ஆகிவிட்டாள் என்று மா.விடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

சாப்பிடும்போது கவனித்தேன். வழக்கமாக ஒரு தோசைக்கு மூன்று கதை சொல்கிறவள். இன்று இரண்டு தோசை, கதை இல்லை. சட்னி உறைக்கிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். ஆமாவா, இல்லையா, தெரியவில்லை.

நவ. 6, வியாழன்
வாஞ்சூரில் கரண்ட் இல்லை. நான் வேலை பார்க்கும் லாரி எடைமேடையில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. எடை காட்டும் பெட்டி மட்டும் பேட்டரியில் உயிரோடு. காதர் பாய் லாரி வந்து நின்றது, நிலக்கரி. லோடோடு 34,150 கிலோ. காலி வண்டி 12,860. கையால் கழித்துச் சீட்டு எழுதினேன். 22,290.

பாய் வாங்கிப் பார்த்தார். "தம்பி, இதுல ஆயிரம் கிலோ கூட இருக்கு. அதை நான் மடியிலயா கட்டிட்டு வந்தேன்?"
"கணக்கு சரியாத்தான் இருக்கும் பாய்."
"பன்னெண்டாயிரத்து எட்நூத்தி அறுவது. பதிமூணாயிரத்துக்கு நூத்தி நாப்பது. அங்கேருந்து முப்பத்தி நாலாயிரத்துக்கு இருவத்தோராயிரம். மேல ஒரு நூத்தம்பது. ஆக, இருவத்தோராயிரத்து எரநூத்தித் தொண்ணூறு. நீங்களே பாருங்க."

பார்த்தேன். கடன் வாங்கிய இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்திருக்கிறேன். பாய் ஐந்தாவதோடு நின்றவர்.

"இப்படிப் போட யாரு பாய் சொல்லிக் குடுத்தா?"
"இதை யாரு சொல்லிக் குடுக்கணும்? எட்டி எட்டிப் போனா வந்துட்டுப் போவுது."

தவளை. அதே மூன்று தாவல். பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்துக் கொன்றன. வேறு சீட்டு எழுதிக் கொடுத்தேன். தப்புச் சீட்டு சட்டைப்பையில்.

நவ. 7, வெள்ளி
அரை நாள் லீவு. பள்ளிக்கூடம். டீச்சர் உட்காரச் சொன்ன இடம் பிள்ளைகள் பெஞ்சு. முழங்கால் தாடையில் இடித்தது.

"உங்க முறை தப்புன்னு சொல்லலைங்க சார். அதுவும் பின்னாடி வரும். ஆனா இது அவளே கண்டுபுடிச்சது. நான் சொல்லித் தரல."

அவளே கண்டுபிடித்தாளா! பெருமையில் சடாரென்று எழுந்தேன். பெஞ்சும் கூடவே எழுந்தது.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடட்டுமா டீச்சர்?"
"கிழிச்சா மறந்துடுமா? அவளைப் பேச வைங்க. அவ பேசுறப்ப நீங்க பேசாம இருங்க."

இரண்டாவதுதான் கஷ்டம். மா. கேட்டால் சாட்சி சொல்வாள்.

நவ. 8, சனி
வெயில். துணியெல்லாம் மொட்டைமாடியில். தப்புச் சீட்டை அபி முன்னால் வைத்தேன்.

"இதுல ஆயிரம் கிலோ தப்பு விட்டேன். பாய் உன்ன மாதிரியே தாவித் தாவிக் கண்டுபுடிச்சிட்டாரு."

சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இவ்ளோ பெரிய நம்பர்லயுமா?"

அஞ்சு நாளில் முதல் கேள்வி. பதில் நாக்கு நுனி வரை வந்தது. டீச்சரை நினைத்து விழுங்கினேன்.

"அப்ப லாரிக்கு பெரிய தவளை வேணும்" என்றாள். தரையில் விரலால் தாவிக் காட்டினாள். பேச்சு வந்துவிட்டது. பாயின் லாரி என்ன கலர், தவளைக்குக் கரி ஒட்டுமா, எல்லாம் வந்தது.

எனக்கும் ஒரு கணக்கு கொடு என்றேன். 71 − 46. பாய் போட்டதை விடவா கஷ்டம்? கோடு இழுத்தேன், தாவினேன், 24 என்று எழுதித் தெம்பாக நீட்டினேன்.

சிவப்புப் பேனாவை எடுத்தாள். சரி, எனக்கு வேண்டியதுதான் என்று இருந்தேன். மூடியை அழுத்திப் போட்டாள். என் சட்டைப்பையில் செருகினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு,

"எப்படி யோசிச்சீங்க? சொல்லுங்கப்பா. அவசரமில்ல."

அடுப்படியில் மா. சிரிப்பை அடக்குவது கேட்டது.

"நாப்பத்தாறுலேருந்து அம்பதுக்கு நாலு. அங்கேருந்து எழுவதுக்கு இருவது. அவ்வளவுதான், இருவத்தி நாலு."

அபி கட்டிய கையோடே காத்திருந்தாள்.

கோட்டைப் பார்த்தேன். என் தவளை எழுபதிலேயே உட்கார்ந்திருக்கிறது.