சீட்டைத் தொடாதவனுக்குப் பரிசு

அன்புள்ள கணவனே என்று தொடங்க இன்று எனக்குக் கை வரவில்லை.

கற்றுக்குட்டிகளுக்கான ஆன்லைன் போக்கர் சீட்டாட்ட மேசையில் ஒன்பது பேரில் ஒருவனாக உட்கார்ந்தாய். ஆட்டம் தொடங்கியதுமே வாசலில் பனி அள்ளப் போனவன் ஆட்டத்தையே மறந்துவிட்டாய். திரும்பி வந்தால், மற்றவர்கள் ஒருவரையொருவர் வெளியேற்றியிருக்க, சீட்டையே தொடாத உனக்கு மூன்றாம் பரிசு.

“சும்மா இருந்தே ஜெயிச்சேன், பாத்துக்கோங்க” என்று நன்றிநாள் விருந்தில் வான்கோழியை வெட்டிக்கொண்டே பீற்றிக்கொண்டாய்.

அதையேதான் வீட்டிலும் ஆடுகிறாய். நம் மகள் லினேயா படிப்பை விட்டதற்காக நானும் அவளும் கத்திக்கொண்டோம். “யாராவது ஒருத்தர் பக்கம் பேசேன்ப்பா” என்று உன் மகள் அழுதாள். நீ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் வீட்டை விட்டு ஃபார்கோ நகரத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

இன்று நானும் கிளம்புகிறேன். மேசையில் மிச்சம் நீ மட்டும்தான். இந்தமுறை முதல் பரிசே உனக்குத்தான்.

இப்படிக்கு,
இரண்டாவதாக வந்தவள்