உன் பேரில் ஒரு பலகை

சமயநல்லூர்
ஞாயிறு காலை

அன்பு மகள் சரண்யாவுக்கு,

இன்று எழுந்ததும் முதல் வேலையாகச் சங்கத்துக்குப் போய் உன் அப்பளப் பலகைக்கு நல்லெண்ணெய் தடவிவிட்டு வந்தேன். காப்பிகூட அதற்குப் பிறகுதான். நானும் அப்பாவும் முகேஷும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க அழகரை வேண்டிக்கொள்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும், பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டாயா சாப்பிட்டாயா என்று மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுவோம்.

அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, டீக்கடையில் என்ன நடக்கிறதோ எனக்குத் தெரியாது. முகேஷ் காலேஜ் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறான், நீ ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் கேட்பதில்லை. நம் அப்பளச் சங்கம் நன்றாக நடக்கிறது. கான்ட்ராக்டர் கொண்டுவந்து போட்ட மாவை அவர் சொன்ன கூலிக்குத் தேய்த்ததெல்லாம் நீ பார்த்ததுதான். இப்போது உளுந்து நம் பக்கத்து மானாவாரிக் காடுகளிலிருந்தே வருகிறது, பூட்டிக் கிடந்த மாவு மில்லைப் பால்பாண்டி அண்ணன் நமக்காகவே திறந்துவிட்டார். போன வாரம் மதுரையிலிருந்து ஒரு கடைக்காரர் வந்து இங்கே ஓனர் யாருங்க என்று கேட்டார். யாரும் நிமிரவில்லை. ஒச்சாயி அக்காதான் தேய்த்துக்கொண்டே, "யாரு கையில மாவு ஒட்டியிருக்கோ அம்புட்டுப் பேரும் ஓனருதான், பாத்துப் பேசுங்க" என்றார். பாவம் அந்த மனிதர், ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். எல்லாரும் சிரித்தோம், நான் பக்கத்தில் திரும்பி உன்னைத் தேடினேன்.

சங்கத்தில் சேருவதை நாங்கள் பலகை வாங்குவது என்றுதான் சொல்வோம். தேய்க்கிறவளுக்குத்தான் பலகை, பலகை உள்ளவளுக்குத்தான் லாபத்தில் பங்கும் கூட்டத்தில் பேச்சும். படித்தவள் என்று என்னைத்தான் அந்த விதியை எழுதச் சொன்னார்கள். நீ விமானம் ஏறும்போது, ரெண்டே வருசம்மா, வந்து நம்ம சங்கத்துலயே உக்காந்துருவேன் என்று சொன்னாய். அதை நம்பி என் பக்கத்தில் ஜன்னலோரமாக ஒரு வேப்பம்பலகையை உன் பேரில் போட்டு வைத்தேன். விதிக்கு விரோதம்தான், ஆனால் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. மத்தியான வெயில் அதன்மேல் விழும்போது நீ குனிந்து உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

ஒச்சாயி அக்காவின் தங்கை மகள் முத்துமீனா திருப்பூரில் பனியன் கம்பெனி மூடியதால் கைப்பிள்ளையோடு ஊருக்கு வந்துவிட்டாள். யாராவது வராத நாளில் அவர்கள் பலகையில் தேய்க்கிறாள், அதில் கிடைப்பதுதான் பிள்ளைக்குப் பால். மற்ற நாளில் காய்ந்த அப்பளத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுகொள்கிறாள். உள்ளே இன்னொரு பலகை போட இடமில்லை. உன்னுடையது காலியாகக் கிடந்தும் ஒருநாளும் அவள் அதைத் தொட்டதில்லை. நேற்று ஒச்சாயி அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "செல்வி, எண்ணெ தடவினா மட்டும் பத்தாது. தேய்க்காத பலகை வெடிச்சுப் போயிரும்" என்றார். இன்று பார்த்தேன், ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல்.

அங்கேயே உனக்கு வேலை நிரந்தரமானதைப் போன வாரம் நீ எத்தனை மெல்லச் சொன்னாய். நல்ல செய்தியை அப்படிச் சொல்லக் கூடாது தாயி. சந்தோஷம் என்றேன், சந்தோஷம்தான். போனை வைத்தபின் துணி எடுக்க மாடிக்குப் போய், துணியே இல்லாத கொடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

எந்த ஊரில் இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு. பார்சலில் நான் அனுப்பிய பிரண்டை அப்பளத்தை டப்பாவில் இறுக்கி மூடி வை, ஈரக்காற்றில் நமத்துப் போகும். நாளைக்குச் சங்கக் கூட்டத்தில் முத்துமீனாவை உள்ளே கூப்பிட்டு, என் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பலகையை அவள் பேருக்கு எழுதப் போகிறேன். ஒச்சாயி அக்காவுக்குத் தெரியாது, அப்பாவிடமும் இன்னும் சொல்லவில்லை. உன் பலகை என்பதால் உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது அந்தப் பலகை அவள் கைக்குப் பழகியிருக்கும்.

உன் அம்மா,
முத்துச்செல்வி