காடாத் துணியில் ஒரு கோல்கீப்பர்

அடுத்த ஆட்டத்துக்குப் பேனர் வரைய, இன்று காலை நீல பெயிண்ட் டப்பாவை நெம்பித் திறந்தேன். தின்னர் நெடி மூக்கில் ஏறியதுமே, இந்த அம்பத்தூர் மொட்டை மாடியில் நீ மண்டியிட்டு உட்கார்ந்து வரைவது போலிருந்தது. உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

நாம் அந்தப் பேனர் வரைந்த வாரம் எல்லோரும் நம் ஃபுட்பால் டீம் கோல்கீப்பரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான்; ஆட்டமே போனது. ஆபீஸ் கேன்டீனில் போனுக்குப் போன் அவனைக் கிண்டல் செய்யும் படங்கள். நீ தட்டை நகர்த்திவிட்டு, "அடுத்த மேட்சுக்கு இவன் மூஞ்சியத்தான் வரையறோம்" என்றாய்.

"கிறுக்கு பிடிச்சிட்டா உனக்கு?" என்றேன்.

"கோல் போட்டவனுக்கு எல்லாரும் கொடி புடிக்கிறாங்க. இவனுக்கு யார்டி கீறாங்க?"

காடாத் துணியை உன் அம்மா ஆவடி குவார்ட்டர்ஸில் தைத்துத் தந்தார். போனிலிருந்த அவன் படத்தில் கட்டம் போட்டு, துணியிலும் பெரிய கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றாக நிரப்பினோம். பக்கத்தில் நின்றால் மூக்கு எது, காது எது என்றே தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிப் பார்த்து நீ கத்தினாய்: "அய்யோ, சிரிக்கிறான்டி! நம்ம ஆளு சிரிக்கிறான்!"

மின்சார ரயிலில் பாய் போலச் சுருட்டிக் கொண்டுபோனோம். "கல்யாணப் பந்தலாம்மா?" என்றார் ஒரு பெரியவர். "இல்ல நைனா, கோல்கீப்பர்" என்றாய். பெட்டியே சிரித்தது.

ஸ்டேடியம் வாசலில் மூங்கில் கம்புகளை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். கம்பில்லாமல் அவ்வளவு பெரிய துணி எப்படி நிற்கும்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீயோ கம்புகளை உருவிப் போட்டுவிட்டு கேலரிக்குள் நுழைந்து, முன்பின் தெரியாதவர்கள் கையிலெல்லாம் துணியின் ஓரத்தைத் திணித்தாய். "இவனுக்கா பேனர்?" என்று ஒருவர் முறைத்தார்.

"தூக்குண்ணா. அப்பால திட்டிக்கலாம்."

அவரும் தூக்கினார்! வரிசை வரிசையாகக் கைகள் உயர, நம் தலைகளுக்கு மேலே அந்த முகம் எழுந்தது. மைதானத்தில் ஓடிப் பழகிக்கொண்டிருந்த கோல்கீப்பர் திரும்பிப் பார்த்தான். கையுறை போட்ட கைகளைத் தலையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

ஆட்டம் முடியப்போகிற நேரம், நாம் ஒரு கோல் முன்னே, எதிரணிக்குப் பெனால்டி. நீ பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்தது. அவன் இடப்பக்கம் பாய்ந்தான். விரல் நுனியில் பட்ட பந்து கம்பத்துக்கு வெளியே போனது! முறைத்த அந்த அண்ணன்தான் முதலில் அழுதார். பிறகு கோல்கீப்பர் வேலியோரம் வந்து துணியைத் தொட்டுப் பார்த்து, "காது கொஞ்சம் பெருசா இருக்கே" என்றான். "உனக்கே அப்படித்தான் கீது" என்றாய்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கொஞ்ச காலம் ஸ்டேடியம் பக்கமே நான் போகவில்லை. அப்புறம் போனேன்.

சென்ற ஆட்டத்தில் நாம் தோற்றுக்கொண்டிருந்தோம். கூட்டம் எழுந்து கிளம்ப ஆரம்பித்தது. ஆபீஸ் மீட்டிங்கில்கூட வாய் திறக்காத தென்காசிக்காரி நான், நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன்: "எங்க போறீங்க? குந்துங்க! இன்னும் டைம் கீது!"

பாதிப் பேர் திரும்பி உட்கார்ந்தார்கள். அது என் ஊர்ப் பேச்சே இல்லை. உன்னுடையது. தானாக வந்தது.