பின்னிருக்கையிலிருந்து களப்புத் தெரிய வேண்டும்

அன்புள்ள உம்மா,

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்குப் பிடிக்காத காரில் உங்களுக்குப் பிடித்திருக்கக்கூடியவற்றையும் மறைக்கமாட்டேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கள் அண்ணன், எங்கள் மாமா, புதுக் காரொன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். நம் பழைய காரைக் கொடுத்துவிட்டு வாப்பா இதை எடுக்கலாம் என்பது அவர் யோசனை. கதவைத் திறந்ததும் புது இருக்கையின் வாசம் வந்தது. கூடவே உங்கள் ஞாபகமும்.

முன்பெல்லாம் எத்தாளை வீதியில் நமக்குப் பஸ் பிந்தினால் எனக்குச் சந்தோஷம். ஆலங்குடா போகும் வாகனங்களுக்கெல்லாம் நீங்கள் தீர்ப்புச் சொல்வீர்கள். "முகத்தப் பாருங்க மகள். கண் சின்னன், வாய் பெருசு. யாரோட சண்டைக்குப் போகுது?" ஒருமுறை, நின்றிருந்த காரின் முன்துவாரங்கள் காற்றுப் போவதற்கு என்று படித்ததைச் சொன்னேன். நீங்கள் விரலை விட்டுப் பார்த்தீர்கள். பிளாஸ்டிக் அடைத்திருந்தது. "காத்துப் போகாத ஓட்டை என்னத்துக்கு?" என்று சிரித்தீர்கள்.

அதற்காகப் பழசெல்லாம் அழகு என்றும் நீங்கள் சொன்னதில்லை. உப்புக் காற்றுக்குப் பயந்து வாப்பா நம் காரின் பம்பருக்குத் தேங்காய் எண்ணெய் பூசினார். ஒரே நாளில் கடற்கரை மணலெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. "இது என்ன, எண்ணெய் வெச்சு ஸ்கூலுக்கு அனுப்புற புள்ளையா? துருப்பிடிக்காத பிளாஸ்டிக்தான் இந்த ஊருக்கு அழகு" என்றீர்கள்.

நீங்கள் மன்னிக்காதது ஒன்றைத்தான். புதிய கார்களில் கதவு உயர்கிறது, கண்ணாடி சுருங்குகிறது. சின்ன வயதில், நம் ஆட்களை மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது, உங்களைத் தோணியின் அடியில், மூடியிருந்த படங்குச் சீலைக்குக் கீழே இருத்திக் கொண்டுவந்தார்கள். "கடல்ல வந்தன், கடலக் காணல்ல. எங்க போறம் எண்டு தெரியாததுதான் பயம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னீர்கள்.

கடைசியாகப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் போனோம். சாய்ந்திருந்த உங்களுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. "எவடத்துல வந்திருக்கம் மகள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள். நான் எட்டிப் பார்த்து, உப்பளம், களப்புத் தண்ணீர், அதில் தோணிகள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "இப்பத் தெரியுது" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

இன்று மாமா எல்லா விளக்குகளையும் போட்டுக் காட்டினார். "பாருங்க மச்சான், மாப்பிள்ளை மாதிரி இருக்கு!"

வாப்பா என்னிடம் திரும்பினார். "உம்மா என்ன சொல்லியிருப்பா?"

நான் உண்மையைச் சொன்னேன். துருப்பிடிக்காது, இருக்கை சுகம், அடைத்த துவாரம் ஒன்றுமில்லை. பிறகு தங்கச்சியைப் பின்னால் இருத்தி, களப்பு ஓரம்வரை மாமாவை ஓட்டச் சொன்னேன்.

"என்ன தெரியுது?"

"வானம்."

"களப்பு?"

"காணல்ல ராத்தா. நாம எங்க நிக்கிறம்?"

வாப்பா தங்கச்சியின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி வெளியே பார்த்தார். "புதுசு எடுப்பம். ஆனா இது வாணாம். கண்ணாடி பெருசா ஒண்டு தேடுங்க மச்சான்."

"சின்னப் புள்ளட கதையக் கேட்டா?"

"இல்ல. உங்கட தங்கச்சிட கதைய."

மாமா காரை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

உம்மா, எதையும் வெளியே நின்று மட்டும் பார்த்து முடிவு செய்யமாட்டேன். உள்ளே இருப்பவருக்கு என்ன தெரிகிறது என்று முதலில் கேட்பேன். உங்களிடமிருந்து என்னிடம் இருப்பது அது.

வீடு திரும்பி இறங்கினோம். மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. காரின் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. வாப்பா கையை நீட்டி அணைத்தார்.