அமெரிக்காவுக்கு ஒரு தடவை, சிங்கத்துக்கு ஒரு தடவை

அக்கா,

இன்று காலை பல் விளக்கப் போனபோது, வழக்கமான பற்பசை தீர்ந்து, கிராம்பு வாசனை அடிக்கிற வெள்ளைப் பசை ஒன்று புதிதாக இருந்தது. மூடியைத் திறந்ததும் பிரஷ்ஷும் கையுமாக நின்றுவிட்டேன். காட்டூரில் என் வீட்டுக் குளியலறை மறைந்துபோய், ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் உன் மகன் அனுப்பிய டிவிடி. அதன் முதுகில் இதே பசையைத் தடவி, பஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா, அதுக்கென்ன பல்லா இருக்கு?" என்றாய் நீ.

"கீறல் இருந்தா படம் ஓடாதுக்கா. பேஸ்ட் போட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும். இது உலகத்துல நாலு பேருக்குத்தான் தெரியும்."

"மத்த மூணு பேர் யாரு?"

நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவன் நான். ஒரு மாதப் படிப்புதான். ஆனாலும் காவிரிக்கு வடக்கே, கொள்ளிடத்துக்குத் தெற்கே, கணினி ராஜ்யம் முழுவதற்கும் நானே சக்கரவர்த்தி என்று அறிவித்திருந்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை, உன்னைத் தவிர.

அந்த டிவிடி வந்த விதம் உனக்கு மறந்திருக்காது. உன் மகன் அங்கே அமெரிக்காவில் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் தகவல் சொன்னான். "இனிமே எனக்குப் போன் பண்ணாதே" என்று சொல்லிவிட்டாய். உன் பிள்ளை அல்லவா, சொன்னபடியே நடந்தான். உத்தியோக காலம் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து திருச்சிக்காரர்களுக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் நீ. ஒரு நம்பரைப் போட மட்டும் உனக்குக் கை எழவில்லை. வருஷங்கள் போயின. பிறகு ஒரு நாள் தபாலில் அந்த டிவிடி வந்தது. அதோடு ஒரு வரிக் கடிதம்கூட இல்லை. அந்த நாட்டுப் பாலங்களைப் பற்றிய படம். அதில் ஓரிடத்தில் இன்ஜினியர் என்று உன் மகன் வந்து பேசுகிறான் என்பது அட்டையில் இருந்த பெயரைப் பார்த்துத்தான் நமக்குத் தெரிந்தது.

எனக்குப் போன் செய்து, "டிவிடி ஓட மாட்டேங்குது, வாடா" என்றாய். குரலில் அவசரம் இல்லாத மாதிரி காட்டிக்கொண்டாய். காட்டூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ் பிடித்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் எனக்கு முடி நரைத்து, காவிரிப் பாலம் ஏறுவதற்குள் பல் விழுந்து, உன் வாசலில் இறங்கியபோது கிழவனாகி இருந்தேன். அவ்வளவு மெதுவாகப் போனது அந்த பஸ். நீயோ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாய்.

பற்பசை வைத்தியம் பலிக்கவில்லை. உன் வீட்டுக் கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவுக்குள் வாயால் ஊதிப் பார்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் திரையில் அதே ஆங்கில வாசகம் வந்தது. நீதான் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தாய். ரீஜன் சரியில்லை என்று அதில் எழுதியிருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு வகுப்பில் கேட்டது ஞாபகம் வந்தது. டிவிடிக்காரர்கள் உலகத்தைப் பாகம் பிரித்து, பாகத்துக்கு ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு ஒன்று, நமக்கு ஐந்து. ஒரு பாகத்து டிவிடி இன்னொரு பாகத்துப் பெட்டியில் ஓடாது.

"மனுஷனுக்குத்தான் விசா. தட்டுக்குமா?" என்றாய்.

"சக்கரவர்த்தி இருக்கிறப்ப விசா எதுக்கு?" என்று சொல்லி, டிரைவின் அமைப்புக்குள் போய், நாடுகளின் பட்டியலில் அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்து ஒரு அமுக்கு அமுக்கினேன். படம் வந்தது.

உன் மகனும் வந்தான். தலையில் முன்பக்கம் வழுக்கை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இரும்புப் பாலம் ஒன்றின் கீழே நின்று ஆங்கிலத்தில் பேசினான். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிற ஊரில் பிறந்தவன் நான், எந்தப் பக்கம் கிளம்பினாலும் பாலத்தில்தான் கால் வைக்க வேண்டும், அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்றான். படம் முடிந்ததும் எழுந்துபோய்க் குக்கரை இறக்கினாய்.

சாயங்காலம் அத்தானுக்குச் சாப்பாட்டு நேரம். பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு அவர் சாப்பிடுவது ஒரே ஒரு நிபந்தனையில்தான். கம்ப்யூட்டரில் சிங்கம் ஓட வேண்டும். இங்கே கடையில் வாங்கிய காட்டு விலங்கு டிவிடி அது. மானைச் சிங்கம் துரத்த, அவர் வாய் திறக்க, நீ ஒரு கவளம் வைப்பாய். அன்றைக்குச் சிங்கம் ஓடவில்லை. பெட்டி இப்போது அமெரிக்காவில் இருந்ததே! நான் மறுபடி இந்தியாவைத் தேர்ந்தெடுத்தேன். சிங்கம் கர்ஜித்தது. அத்தான் வாய் திறந்தார்.

மறுநாள் மதியம், "இன்னொரு தடவை அந்தப் பாலத்தைப் போடுறியா?" என்றாய். பாலத்தை என்று சொன்னாய். மறுபடி அமெரிக்கா. இந்தத் தடவை அவன் பேசி முடிக்கும்வரை திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாய்.

சாயங்காலம் மறுபடி சிங்கத்தின் முறை. நாடுகளின் பட்டியலைத் திறந்து மௌஸில் கை வைத்தேன்.

"இருடா. இதுல கீழ ஒரு நம்பர் குறைஞ்சுக்கிட்டே வருதே, என்ன அது?"

"அதுவா? பெட்டியோட உஷ்ணம். சக்கரவர்த்தி தொட்டா குளிர்ந்துடும்."

நீ என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்து படித்தாய். இன்னும் ஒரே ஒரு தடவைதான் நாடு மாற்றலாம், அதற்குப் பிறகு எந்த நாட்டில் நிற்கிறதோ அங்கேயே நின்றுவிடும் என்று எழுதியிருந்தது. என் ராஜ்யம் அந்த நிமிஷத்தில் கவிழ்ந்தது, அக்கா.

கட்டிலில் அத்தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் பிசைந்த சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"அக்கா, யோசிச்சுக்க. இப்ப மாத்தினா இனிமே இந்தப் பெட்டியில அவனைப் பார்க்க முடியாது. ஒரு வாரம் பொறு, தில்லை நகர்ல விசாரிச்சு வேற மெஷின் ஒண்ணு..."

"பெத்த பிள்ளை முகத்தைப் பார்க்க எத்தனை மெஷின்டா வாங்குவ?"

அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை. மௌஸைப் பிடுங்கி நீயே இந்தியாவைத் தொட்டு, நீயே அமுக்கினாய். சிங்கம் வந்தது. அத்தான் தட்டு காலியாகும்வரை ஊட்டினாய். வாயைத் துடைத்துவிட்டாய். பிறகு கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனுக்குப் போனாய். நம்பரை எங்கேயும் தேடவில்லை. அத்தனை இலக்கமும் உனக்கு மனப்பாடம்.

"நான்தான்" என்றாய். "பாலத்தைப் பத்தி நல்லாத்தான் பேசின. ஆனா சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ள மடங்கியிருக்கு. ரெண்டு தடவையும் பார்த்தேன், மடங்கித்தான் இருக்கு. படம் எடுக்கிறப்ப ஒருத்தரும் சொல்ல மாட்டாங்களா?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாய். "அழாத. அவ பக்கத்துல இருக்காளா? போனை அவகிட்ட குடு. காலரை யார் பார்க்கணும்னு அவகிட்ட நான் சொல்லணும்."

நான் அத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்து சிங்கத்தைப் பார்த்தேன். எனக்கு மானும் தெரியவில்லை, சிங்கமும் தெரியவில்லை. எல்லாம் தண்ணீருக்குள் ஓடுகிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு உன் மகனும் மருமகளும் வந்தார்கள், போனார்கள். அத்தான் போனார். நீயும் போய்விட்டாய். ரீஜனைத் தாண்டிப் படம் காட்டுகிற வழிகள் அப்போதே இருந்தன என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நல்லவேளை, சக்கரவர்த்திக்கு அது தெரியாமல் போயிற்று.

போன மாதம் உன் மகன் உனக்குத் திதி கொடுக்க வந்திருந்தான். காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் எல்லாம் முடிந்து, ஈர வேட்டியோடு படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, அந்த டிவிடியை அம்மா அடிக்கடி பார்ப்பாங்களா?"

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. ஆயிரம் தடவை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தேய்ந்து ஓட்டை விழுந்து, மறுபக்கம் கொள்ளிடம் தெரிகிற அளவுக்குப் பார்த்தாள் என்று சொல்லியிருப்பேன். அவனும் நம்பியிருப்பான். இப்போதெல்லாம் நான் சொல்வதை எல்லோரும் நம்பிவிடுகிறார்கள், அக்கா. கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து படிக்க ஆள் இல்லை.

"ரெண்டே ரெண்டு தடவைதான்டா" என்றேன். "அதுக்கப்புறம் உனக்குப் போன் பண்ணிட்டா."