அக்காவின் லேப்டாப்பில் மட்டும் ஓடும் கமாண்ட்

பிப்ரவரி 3, திங்கள்

மருந்துக் கிடங்கில் நாற்பது குளிர்பெட்டிகள். எதில் சூடு ஏறினாலும் கண்காணிப்பு சர்வருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த சர்வரிடம் கேட்டுச் சொல்லும் கமாண்ட், டீம் லீடான அக்காவின் லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் ஓடாது. அக்காவுக்கு மாதக் கடைசியில் பிரசவம். "லேபர் வார்டுலயும் என்னைக் கூப்பிடுவீங்க, தெரியும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கமாண்டையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் ஒரே பொட்டலமாக, கன்டெய்னர் இமேஜாக, கட்டப்போகிறேன். யார் கணினியில் வைத்தாலும் ஓட வேண்டும். யாரும் அக்காவைக் கூப்பிடக் கூடாது.

பிப்ரவரி 5, புதன்

பதினோரு முறை இமேஜைக் கட்டிப் பார்த்தேன். பதினொன்றும் மண்ணைக் கவ்வின. விடுவதாக இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

ஓடியது! சர்வருக்குள் நுழைவதற்கான, கடவுச்சொல் போன்ற சாவியை இமேஜுக்குள் வைக்கவில்லை. இமேஜ் பல கைகளுக்குப் போகும். ஓட்டும்போது தனியாகக் கொடுக்க வேண்டும். பிழை வரிகள் கண்ணை உறுத்தின. அவற்றை மறைத்து, எச்சரிக்கைப் பட்டியல் காலியென்றால் "எச்சரிக்கை ஏதுமில்லை" என்று வரச் செய்தேன். எவ்வளவு சுத்தமான திரை!

பிப்ரவரி 10, திங்கள்

என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. பக்கத்து சீட் பையன் நெட்டை, சாவி கொடுக்க மறந்து இமேஜை ஓட்டினான். சர்வர் அவனை உள்ளே விடவில்லை. அந்தப் பிழையைத்தான் நான் மறைத்துவைத்திருக்கிறேனே! திரையில் "எச்சரிக்கை ஏதுமில்லை". அவன் டீ குடிக்கப் போய்விட்டான். பன்னிரண்டாம் பெட்டியில் தடுப்பூசி சூடாகிக்கொண்டிருந்தது. அக்கா தன் லேப்டாப்பில் பார்த்ததால் பிழைத்தோம்.

"நான்தான் சார் சாவி குடுக்கல" என்றான் நெட்டை, மேலாளரிடம். இல்லை, கத்தியிருக்க வேண்டியது என் இமேஜ். அவரிடம் அதைச் சொன்னேன். அவர், "பழையபடி அந்தம்மாவையே கேட்டுக்கலாம். போன்லதானே?" என்றார்.

போன்லதானாம்! இடுப்பு வலியோட போன்ல பேசிப் பாருங்க சார், தெரியும். - நேரில் சொல்லவில்லை. வியாழன் வரை அவகாசம் மட்டும் கேட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இனி சாவி இல்லையென்றால் ஓடாது. சர்வரை எட்ட முடியாவிட்டால் "நிலவரம் தெரியவில்லை" என்று சிவப்பில் கத்தும். அக்கா ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தப்பான சாவி கொடுத்தாள், நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். "என்ன பண்ணாலும் பொய் சொல்ல மாட்டேங்குதுடி" என்றாள். மேலாளர் அரை மனதாகத் தலையாட்டினார்.

பிப்ரவரி 24, திங்கள்

அக்கா ஆஸ்பத்திரியில். காலை பத்தரைக்கு முப்பத்தோராம் பெட்டி மக்கர். நெட்டை இமேஜை ஓட்டிப் பார்த்துக் கிடங்குக்காரருக்குச் சொன்னான். மருந்தை வேறு பெட்டிக்கு மாற்றினார்கள். மேலாளர் போனை எடுத்தார். "யாருக்கு சார்?" என்றேன். கொஞ்சம் யோசித்து, கீழே வைத்தார்.

பிப்ரவரி 28, வெள்ளி

அக்காவே கூப்பிட்டாள். பெண் குழந்தை. மடியில் தூங்குகிறதாம், அதனால் குசுகுசுவென்று பேசினாள்.

"ஏன்டி, நாலு நாளா ஒருத்தரும் கூப்பிடல? பெட்டியெல்லாம்?"

"ஒண்ணு மக்கர் பண்ணுச்சு. நாங்களே பாத்துக்கிட்டோம்க்கா."



"அப்ப நான் தூங்கட்டுமா?"

"தூங்குக்கா" என்றேன்.