பர்வீனுக்கும் கடலுக்கும் நடுவே

மாலத்தீவு
8.3.1996

அன்புள்ள ஜாஹிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் மாமியும் சுகம் என்று எழுதினால்தான் என் சுகம் முழுதாகும்.

இன்று ஜும்ஆ தொழுகை முடிந்து நம் பிள்ளை பர்வீனின் கபருக்குப் போய்வந்தேன். தலைமாட்டுக் கல்லிலிருந்து அலை தொடும் இடம்வரை முப்பத்தெட்டுத் தப்படி. போன மாதம் நாற்பது. கடல் சில மாதம் மணலைத் திருப்பித் தரும் என்கிறார் இமாம்.

வகுப்பில் கடல்மட்டம் உயர்வது பற்றி நடத்தினேன். இந்தத் தீவின் மேடான இடமே ஓர் ஆள் உயரம்தான். காரைக்குடி எண்பது மீட்டர் என்றதும் பிள்ளைகள் நம்பாமல் சிரித்தார்கள்.

வேலை ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டியிருக்கிறேன். கோபப்படாதே. நாற்பது நாள் பிள்ளையை இங்கே அடக்கிவிட்டு, துணையில்லாமல் விட்டு எப்படி வருவேன்?

உன்
காஜா மைதீன்

காரைக்குடி
2.4.1996

அன்பு மச்சானுக்கு ஜாஹிதாவின் சலாம்.

கோபப்படாதே என்றால் கோபம் வராதா? இரண்டு நாள் உங்கள் கடிதத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு எத்தனை தப்படி என்று பார்க்கத் திரும்ப எடுத்தேன்.

இங்கே கண்மாயில் ஆடு மேய்கிறது. எதிர்வீட்டு வீரலட்சுமி அக்காவிடம் உங்கள் தீவைப் பற்றிச் சொன்னேன். "அம்புட்டுத் தண்ணியில கொஞ்சத்த இங்குட்டு அனுப்பச் சொல்லு" என்றார். பிள்ளை போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு சிரித்தேன்.

அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: "மாப்பிள்ளை எப்ப வாறாக?" தப்படியை மட்டும் தவறாமல் எழுதுங்கள்.

ஜாஹிதா

மாலத்தீவு
13.12.1996

அன்புள்ள ஜாஹிதாவுக்கு,

பள்ளிக்குப் புது பெஞ்சுகள் வந்திருக்கின்றன. மீனும் சோறுமாகச் சாப்பாடு ஓடுகிறது. இன்றும் போய்வந்தேன். அதே முப்பத்தொன்று. கவலைப்படாதே.

காஜா மைதீன்

காரைக்குடி
20.1.1997

அன்பு மச்சானுக்கு,

நோன்பு வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆகஸ்டிலிருந்து ஐந்து கடிதம் வந்தது. ஐந்திலும் முப்பத்தொன்று. அதற்கு முன்பு ஒரே எண் இரண்டு முறை வந்ததில்லை. கடல் அசையாமல் நிற்குமா? உங்களுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை.

பிள்ளை இருக்கிறாளா? உள்ளதை எழுதுங்கள்.

ஜாஹிதா

மாலத்தீவு
14.2.1997

ஜாஹிதா,

ஜூலையில் மூன்று நாள் விடாத காற்று. நான்காம் நாள் போனபோது அந்த வரிசையே இல்லை.

அதற்கு முன்பே ஊரார் கரையோரத்துக் கபர்களைத் தோண்டி உள்ளே மாற்றினார்கள். என்னையும் கேட்டார்கள். "தோண்ட வேண்டாம், தூங்கட்டும்" என்று நான்தான் தடுத்தேன். மற்ற ஏழு பேரும் உள்ளே பத்திரமாக இருக்கிறார்கள். நம் பிள்ளை மட்டும் இல்லை.

இதைச் சொல்லிக்கொண்டு உன் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னும் வெள்ளிக்கிழமை தோறும் கரையில் போய் நிற்கிறேன். ஒப்பந்தத்தை மறுபடியும் நீட்டிவிட்டேன்.

காஜா மைதீன்

காரைக்குடி
9.3.1997

மச்சானுக்கு,

கடிதம் வந்த அன்று முழுக்க அழுதேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கேட்டிருந்தால் நானும் தோண்ட வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதை நெஞ்சில் வைத்து மறுகாதீர்கள். அதற்காக உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அவளுக்குத் துணை என்றீர்கள். சரி என்று நானும் இத்தனை நாள் பொறுத்திருந்தேன். இப்போது அங்கே யாருக்குத் துணையாக இருக்கிறீர்கள்?

பிள்ளையைக் கடல் கொண்டுபோனது. என்னைத் தனியாக வைத்திருப்பது நீங்கள்.

ஜாஹிதா